ஹிரோஷிமாவில் நான் சாப்பிடாதது

எங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் போகிறவர்களைத் திண்டுக்கல்காரர்கள் லேசில் மன்னிப்பதில்லை. பழனிக்கு வந்தவராக இருந்தாலும் சரி, கொடைக்கானல் போகிற வழியில் டீ குடிக்க இறங்கியவராக இருந்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மறித்துவிடுவோம். நானும் அந்த ரகம்தான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பண்டத்தை அங்கேயே தின்றால்தான் போய்வந்த திருப்தி. மணப்பாறையில் முறுக்கு வாங்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டால் திருச்சி வரைக்கும் என் வீட்டுக்காரரோடு பேச மாட்டேன். இப்படிப்பட்ட நான் மூன்று மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு, அந்த நாட்டுச் சாப்பாட்டில் ஒரு வாய்கூடத் தின்னாமல் திரும்பி வந்தேன்.

மகளுக்கு ஹிரோஷிமாவில் பிரசவம். மாப்பிள்ளை அங்கே ஒரு கம்பெனியில் என்ஜினியர். முதல் மூன்று மாதம் நான், என் விசா முடிந்ததும் அடுத்த மூன்று மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து அவருடைய அம்மா என்று பேசிவைத்திருந்தார்கள். நாகல் நகரில் எங்கள் தெருவே "குண்டு போட்ட ஊருக்கா போறீங்க?" என்று கேட்டது. நான் செல்போனில் வேறு விஷயத்தில் மூழ்கிக் கிடந்தேன். ஜப்பான் போய்ச் சுற்றுகிற நம் ஊர்ப் பையன்கள் போடுகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். அங்கேயும் ஊருக்கு ஊர் ஒரு பண்டம் இருக்கிறது. ககாவா பக்கம் போனால் உடோன் என்று தடித்த கோதுமைச் சேமியா, அதற்காகவே காலையில் வரிசையில் நிற்கிறார்கள். மியாஜிமா தீவில் விலாங்கு மீனைச் சுட்டுச் சோற்றின்மேல் அடுக்கித் தருகிறார்கள். ஹிரோஷிமாவுக்கு ஒகோனோமியாகி என்று கல்லில் சுடுகிற அடை மாதிரி ஒன்று. ஒசாகாவிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. அங்கே மாவையும் முட்டைகோசையும் கலந்து ஊற்றுவார்கள், ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைப்பார்கள், எது உசத்தி என்று இரண்டு ஊரும் சண்டை போட்டுக்கொள்கின்றன. பிரியாணிக்காக ஆம்பூரோடு சண்டை போடுகிற எங்களுக்கு இது புரியாதா? அந்த ஊர்க்காரர்களை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பெட்டியில் என்ன கொண்டுபோனேன் என்று நினைக்கிறீர்கள்? சுக்கு, மிளகு, பூண்டு, பிரசவ லேகியம், சீரகச் சம்பா அரிசி. போய் இறங்கிய அன்றைக்கே அடுப்படி என் கைக்கு வந்துவிட்டது. பேரன் பிறந்தான். அதற்குப் பிறகு பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், குளிப்பாட்டு, துணி, மறுபடி பூண்டு உரிப்பு. இதில் எனக்குக் குறை இல்லை. அதற்காகத்தானே போனேன்.

ஆனால் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் ஒகோனோமியாகி கடை இருந்தது. விதி என்றால் இதுதான். சாயங்காலம் குழந்தைத் துணி காயப்போட பால்கனிக்குப் போனால் கல்லில் முட்டைகோசு வேகிற வாசமும் இனிப்பும் புளிப்புமாய் ஒரு குழம்பு தீய்கிற வாசமும் மேலே ஏறி வரும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே உலாத்தும்போது கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பரோட்டாக் கல்லைவிட நீளமான கல். அதன் பின்னால் என் வயசுக்காரி ஒருத்தி. மாவை மெல்லிசாகத் தேய்ப்பாள், அதன்மேல் ஒரு குன்று உயரத்துக்கு முட்டைகோசைக் குவிப்பாள், பக்கத்திலேயே நூடுல்ஸை வதக்குவாள், எல்லாவற்றையும் ஒரே திருப்பில் கவிழ்த்து அமுக்கி, உடைத்த முட்டைமேல் தூக்கி வைப்பாள். சாப்பிடுகிறவர்கள் கல்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சின்னத் தோசைக்கரண்டி மாதிரி ஒன்றால் வெட்டி வெட்டித் தின்பார்கள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். சொல்ல வெட்கம் என்ன, ஊறும்.

மகளிடம் கேட்டேன். "ஒரு நா கீழ போயி அத சாப்ட்டுப் பாப்போம்டி."

"அதுல பன்னிக்கறி போடுவாங்கம்மா."

"போடாமச் செய்யச் சொல்லு."

"பாப்பாவ யாரு பாத்துக்குறது? அப்பறம் போவோம்மா."

அவள் பிள்ளை பெற்ற உடம்புக்காரி. அப்புறம் என்றால் அப்புறம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் தாயும் பிள்ளையும் தூங்கும்போது நானே இறங்கிப் போனேன். கடைக்காரி என்னைப் பார்த்ததும் குனிந்து சிரித்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அப்போதுதான் உறைத்தது, என் கையில் அந்த நாட்டுக் காசு ஒன்றுகூட இல்லை. வந்த புதிதில் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கும்மா காசு, என்ன வேணும்னாலும் சொல்லு, அவரு வாங்கிட்டு வருவாரு" என்று மகள் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சொந்தச் சம்பளம் வாங்கி, பென்ஷனும் வாங்குகிறவள் நான். கடைக்காரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடி ஏறினேன். அவமானமாக இருந்தது. இன்றைக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது.

போனில் வீட்டுக்காரர் கேட்பார். "அம்புட்டு தூரம் போயிருக்க, என்னத்த சாப்ட்ட?"

"ரசம்."

"அங்கயும் நீதான் வெஞ்சனம் வைக்கிறியா?" என்று சிரிப்பார். அவருக்கென்ன, மெஸ்ஸில் விதவிதமாகத் தின்றுகொண்டிருந்தார்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்று ஒருவழியாக நாள் குறித்தார்கள். "கண்டிப்பாப் போறமுங்க அத்தை. மியாஜிமாவுக்குக் கூட்டிட்டுப் போயி மீன் சோறு வாங்கித் தர்றேன். சாயங்காலம் கீழ கடைக்கும் போயிறலாமுங்க" என்றார் மாப்பிள்ளை. தங்கமான பிள்ளைதான். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தவர், கூட வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வருகிறார்கள் என்றார். மகள் என் முகத்தைப் பார்த்து, "உங்கையால பிரியாணி செஞ்சிரும்மா, அசந்துருவாங்க" என்றாள். என்ன செய்ய, செய்தேன். கொண்டுபோன சீரகச் சம்பா அன்றோடு தீர்ந்தது.

வந்தவர்கள் நிஜமாகவே அசந்துபோனார்கள். அதில் நரைத்த தலை ஜப்பான்காரர் ஒருவர், இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிக் குனிந்து ஏதோ கேட்டார். ஒகோனோமியாகி என்ற சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. எங்கள் ஊர்ப் பண்டம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். பிரியாணி சாப்பிட்டீர்களா என்று நாங்கள் கேட்போமே, அதே முகம். எனக்கு எப்படியும் பதில் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை அவர்கள் பாஷையில் கடகடவென்று என்னமோ சொன்னார். பெரியவர் "ஓ" என்று தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஜப்பானில் நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதை என்னிடம் கேட்காமலே முடித்துவிட்டார்கள்.

நான் ஊர் திரும்பினேன். சம்பந்தி அம்மா போனார். குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது, மகளும் தேறிவிட்டாள். குடும்ப வாட்ஸப்பில் படங்கள் வரத் தொடங்கின. மியாஜிமாவில் விலாங்கு மீன் சோற்றோடு சம்பந்தி. ககாவாவில் உடோன் கிண்ணத்தோடு சம்பந்தி. ஒரு நாள் அந்தக் கீழ்க்கடை, அதே கல், அதே கடைக்காரி, கையில் குட்டிக் கரண்டியோடு சம்பந்தி. படத்துக்குக் கீழே, பன்றிக்கறி போடாமல் கேட்டு வாங்கியதாக மகள் எழுதியிருந்தாள். நான் ஒரு கட்டைவிரல் போட்டேன். வயிறு எரிந்தது. பெற்றவள் மீது எடுத்துக்கொள்கிற உரிமையை மாமியார் மீது எடுத்துக்கொள்ள முடியாது, எனக்குத் தெரியாததா? தெரிந்தாலும் எரிந்தது.

பேரனுக்குக் காதுகுத்து திண்டுக்கல் பக்கம் அகரத்தில், எங்கள் பூர்வீக ஊரில். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கறி விருந்துப் பந்தியில் எனக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் சம்பந்தி. அவர் வெள்ளை மனசுக்காரர். இலைக்கு இலை எட்டிப் பார்த்து எல்லாருக்கும் ஜப்பான் கதை சொன்னார். "அடுக்கடுக்கா வெச்சு, கல்லுலயே வெட்டித் திங்கோணுமுங்க. என்ன ருசிங்கறீங்க. அந்த ஊருக்குப் போனா அதத் திங்காம வரவே கூடாதுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சம்பந்தி, நீங்களுந்தான் மூணு மாசம் இருந்தீங்க. உங்களுக்கு எது புடிச்சதுங்க?"

சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று சொல்லி மகளைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"அம்மாவுக்கு அதெல்லாம் புடிக்காதுங்க அத்தை. எங்க போனாலும் அவங்களுக்கு ரசஞ்சோறு இருந்தாப் போதும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சமாளிப்பதற்காகச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே மன்னித்திருப்பேன். அவள் பொய் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். என்மேல் பிரியத்தோடுதான் சொன்னாள்.

ரசவாளி என் இலைக்கு வந்தது. வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் மகள், பதறிப்போய்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.