உழவுக்கு வைத்திருந்த டீசல்

மண்ணெண்ணெய் கிடைக்காமல் போட்டுகள் எல்லாம் கரையில் கிடந்த அந்த வருசம் நடந்தது இது. எனக்கு மன்னார், உப்புக்குளம். தோட்டவெளியில் இருக்கும் என் கூட்டாளிக்குக் கடல்தான் தொழில். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நின்றான்.

"மச்சான், முசலிக் காட்டுப் பக்கம் போவமே? ஒரு மான் விழுந்தால் ரெண்டு வீட்டுக்கும் இறைச்சி காணும்."

மான் பிடிப்பது குற்றம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் போனோம், சைக்கிளில். பெற்றோலுக்கு எங்கே போவது?

பின்னேரம் கம்பிச் சுருக்குகளைக் கட்டிவிட்டு, காட்டோரத்தில் ஆளில்லாத வாடிக் குடிசை ஒன்றில் படுத்தோம். ஞாயிறு விடிந்ததும், ஊரில் சனம் பூசைக்குப் போகிற நேரம், நாங்கள் பாலை மரங்களுக்குள்ளால் நடந்தோம். தூரத்திலேயே தெரிந்தது. ஒரு புள்ளிமான், பின்னங்கால் சுருக்கில் மாட்டி நின்றது. அவன் சந்தோசத்தில் ஓடினான். பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டான், வெடித்தது. வேறு யாரோ பன்றிக்குக் கட்டியிருந்த கட்டுத்துவக்கு. மரத்தில் கட்டிய துப்பாக்கி, அதன் விசைக் கம்பியில் இவன் கால் பட்டுவிட்டது.

முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. போனில் சிக்னல் இல்லை. அவனைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஒருவர் ஓடி வந்தார். பக்கத்து வயல்காரர், தொப்பி போட்ட வயதான முஸ்லிம் மனிதர். மானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துவாயை மடித்துக் காயத்தில் வைத்தார்.

"அமத்திப் பிடிங்க தம்பி. கையை மட்டும் எடுக்காதீங்க" என்றுவிட்டு, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டுவர ஓடினார்.

நாங்கள் காத்திருந்தோம். மான் கம்பியை இழுத்து இழுத்து விழுந்துகொண்டிருந்தது. கூட்டாளி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நான் அமத்திப் பிடிக்கிறன் மச்சான். நீ போய் அதை அவிட்டு விடடா. பாக்கேலாமல் கிடக்கு."

கொண்டுபோன குறட்டால் கம்பியை வெட்டினேன். மான் நொண்டிக்கொண்டே பற்றைக்குள் போய் மறைந்தது.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றியதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆசுப்பத்திரி வேண்டாம். பொலிஸ் வரும். வீட்டை கொண்டு போடா." எனக்கும் பயம்தான். அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் மெசினை நிற்பாட்டவில்லை. திரும்பாமலே சொன்னார்.

"வழக்கு வந்தா வரட்டும் தம்பி. கூட்டில ஏறி நிக்க ஆள் உசிரோட இருக்க வேணுமே."

வழியில் மெசின் நின்றது. அவர் ஒரு கேனை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். "டீசல் இன்னும் இருக்கா ஐயா?" என்று கேட்டேன். "உழவுக்கு வச்சிருந்தது. இதோட முடிஞ்சுது" என்றார்.

சிலாவத்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து மன்னாருக்கு அம்புலன்ஸ் வெளிக்கிடும்வரை எங்களோடு நின்றார். பிறகு டீசல் தீர்ந்த மெசினை ஆஸ்பத்திரி வளவிலேயே விட்டுவிட்டு, வெயிலுக்குள் நடந்து போனார். எனக்கு அவருடைய பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

வழக்கு வந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையை ஏற்றோம். கூட்டாளி இப்போது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான், ஆனால் கடலுக்குப் போகிறான். அவன் நடக்கத் தொடங்கியதும் இருவரும் அந்த மனிதரைத் தேடிப் போனோம். அவருடைய வயலில் ஒரு பாதி பச்சையாக இருந்தது, மற்றப் பாதி உழாமல் புல் மண்டிக் கிடந்தது. "கால் எப்பிடித் தம்பி?" என்றுதான் அவர் கேட்டார்.

களவாக வேட்டைக்கு வந்தவர்கள் என்று தெரிந்தும் அவர் கை முதலில் போனது காயத்துக்குத்தான். இப்போது எங்கேயாவது ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால், ஏன் விழுந்தார், எப்படிப்பட்டவர் என்றெல்லாம் மனம் விசாரிக்கத் தொடங்கும் முன்பே, என் கை அவரைத் தூக்கப் போய்விடுகிறது.