இனிகோவின் ஒரு பாகம்

இனிகோ பர்னாந்து புன்னைக்காயல்காரர். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு சொந்த வள்ளத்தில் மீன் பிடித்தார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் மணல் எங்கே மேடு தட்டும், எங்கே விலகும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

1974இல் கடத்தலைத் தடுக்கச் சுங்கத்துறையின் ரோந்துப் படகு ஒன்று வந்தது. ஆழ்கடலுக்கென்று கட்டியது, மிதக்க ஐந்தரை அடித் தண்ணீர் வேண்டும். அதை ஆற்றுக்குள் விடப்போவதாகச் சொல்லி, முகத்துவாரத்தில் ஆழம் பார்க்க இனிகோவை அழைத்தார்கள். அவர் கயிறு விட்டு, நனைந்த நீளத்தைக் கை விரித்து அளந்து பார்த்து, "தண்ணி வத்துத நேரத்துல ஒரு பாகம்" என்றார். கூட வந்த எழுத்தர் ஆறடி என்று குறித்துக்கொண்டார். படகு மணலில் ஏறிச் சாய்ந்தது. சுக்கான் முறிந்தது.

கடத்தல்காரர்களுக்காகப் பொய் சொன்னார் என்று சந்தேகித்து, இனிகோவின் வள்ளத்தைப் பிடித்து வைத்தார்கள். அந்த வள்ளம் கடலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"மாதாவுக்கு மெழுகுதிரி நேந்துக்கிடுவோம்" என்றாள் மனைவி அந்தோணியம்மாள்.

"மாதாவா ஆறடின்னு எழுதுனா? ஏளா, தையக்காரர்ட்ட போயி அளவு நாடா வாங்கிட்டு வா."

விசாரணையில் அதிகாரியின் முன் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"அளங்க சார். இந்த விரல் நுனியிலேருந்து அந்த விரல் நுனி வரைக்கும். எங்க பாகம் இதுதான்."

ஐந்தடி இரண்டங்குலம்.

"பாகம்னா ஆறடின்னு புஸ்தகத்துல இருக்கு" என்றார் எழுத்தர்.

"அப்போ புஸ்தகத்தையே கயித்துல கட்டித் தண்ணியில விட்டிருக்கலாமே, அண்ணாச்சி!" அதிகாரியின் பக்கம் திரும்பினார். "மூணடித் தண்ணியில ஓடுத தட்டைப் படகுதான் சார் இங்கன வேணும். வாங்குததுக்கு முன்ன எங்கள்ல ஒருத்தன்ட்ட கேட்டியளா?"

அதிகாரி நாடாவைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அறிக்கை தயாரானது. பொய் சொன்ன குற்றம் இல்லை. விபத்து 'உள்ளூர் ஆளின் அறியாமையால்' நேர்ந்தது. இனிகோ அதில் கையெழுத்திட்டால் வள்ளம் அன்றே கிடைக்கும்.

"அறியாமைங்கறத அடிங்க."

"ஒரு சொல்லுதானவே" என்றார் எழுத்தர்.

"ஒரு சொல்லுதான் உங்க படகச் சாச்சுது."

அடிக்கவில்லை. இனிகோவும் கையெழுத்திடவில்லை. வள்ளம் வெயிலில் கிடந்து பலகை பிளந்தது. அவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்கு ஏறினார். கடற்கரையைக் காக்க எத்தனை படகு வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள், அந்தக் கரையில் வாழ்கிறவனை மனிதனாகக்கூட மதிக்கவில்லை.

அந்தச் சொல் அறிக்கையில் இன்றும் இருக்கிறது. கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.