போறேன் என்று சொன்னவன்

காந்திபுரத்திலிருந்து போத்தனூர் போகும் டவுன் பஸ்ஸில் அடிக்கடி பார்க்கும் ஓர் அம்மா, அன்று என் பக்கத்து சீட். ஒடிசலான உடம்பு, சேலைக்கு மேல் மில்லில் கொடுத்த நீலச் சட்டை. கைப்பேசியில் தமிழில் பேசவைத்த ஒரு வெளிநாட்டுக் காதல் தொடர் ஓடும். கிறிஸ்துமஸ் விடுமுறை, பனி கொட்டும் பெருநகரம். தெருவில் ஒரு குப்பை கிடையாது, யாருக்கும் வேலைக்குப் போகும் அவசரம் கிடையாது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இயர்போனில் ஒன்றை நீட்டிவிடுவார். எனக்கும் நீட்டினார்.

காதலியோடு சண்டை போட்ட நாயகன், "நான் போறேன்" என்று கதவைச் சாத்தினான்.

"பாருங்க அம்மணி, போறேங்கறான். ஊட்டுல இருந்து கெளம்பறப்ப வாரேன்னுதானுங்க சொல்லோணும்."

உக்கடம் தாண்டுவதற்குள் அவன் பூங்கொத்தோடு திரும்பிவிட்டான். "வந்துட்டானுங்களே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்பட பையன் வாரேம்மான்னு சொல்லிப்போட்டுத்தானுங்க பைக்கை எடுத்தான். ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க."

என் காதில் தொடரின் காதலர்கள் இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் நிறுத்தம் வந்தது. இயர்போனைக் கழற்றிக் கொடுத்தேன். வாரேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. போறேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. இறங்கிவிட்டேன்.