போணி நேரத்தில் வந்தவர்கள்

நான் வணிக டிப்ளோமாவில் சேர்ந்த செய்தியை அம்மா உலகுக்கு அறிவித்தது சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டில்தான். கூட ஏறிய ஆண்ட்டி, "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். "பிஸ்னஸ் படிக்குது லா," என்றார் அம்மா. தொழிற்கல்லூரி என்ற சொல்லை லிஃப்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தார். ஆண்ட்டி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "நல்லது. என்ன கடை வைக்கப் போற?" என்றார். நான் கடையெல்லாம் வைக்கப் போவதில்லை என்று சொல்லிப் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்த ஆண்ட்டிக்கு என்னைவிட விவரம் அதிகம் என்பது அப்போது தெரியவில்லை.

எங்கள் படிப்பில் முதலாண்டு எல்லாருக்கும் பொது. அதன் பிறகு பாதை பிரியும். மனிதவளம், தளவாடம், சில்லறை வணிகம், நிகழ்ச்சி நிர்வாகம் என்று கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டிருந்தார்கள். மனிதவளத்தில் இரண்டு பேர் கைகுலுக்கினார்கள். சரக்கு அனுப்பும் தளவாடத்தில் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பார்த்து, அதுவும் திரும்பச் சிரிக்கும் என்ற நம்பிக்கையோடு, புன்னகைத்தார். சில்லறை வணிகத்தில் ஒரு பெண் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நிர்வாகத்தில் மட்டும் ஒருத்தி காதில் கருவி மாட்டிக்கொண்டு தொலைவில் எதையோ சுட்டிக்காட்டி ஆணையிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளாக வேண்டும்.

இந்த ஆசை திடீரென்று வந்ததில்லை. சின்ன வயதில் தைப்பூசத்துக்கு டோபி காட் பக்கம் போய் நிற்போம். எல்லாரும் காவடியைப் பார்ப்பார்கள். நான் வாக்கி-டாக்கி வைத்திருக்கும் அண்ணனைப் பார்ப்பேன். அவர் ஏதோ முணுமுணுப்பார், இந்தப் பக்கம் கூட்டம் நிற்கும். மறுபடி முணுமுணுப்பார், அந்தப் பக்கம் நகரும். முருகனைவிட அவருக்குத்தான் அன்றைக்கு அதிகாரம் என்று நான் நம்பினேன், இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை.

நிகழ்ச்சி நிர்வாகத்துக்கு இடம் குறைவு, ஆசைப்பட்டவர்கள் அதிகம். முதலாண்டு இறுதித் திட்டப்பணியில் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருவோம் என்றார் விரிவுரையாளர். பணி இதுதான்: வாடிக்கையாளர் போல நடித்து ஒரு கடைக்குள் போக வேண்டும், கவனிப்பு எப்படி என்று மதிப்பெண் போட வேண்டும், எதையும் வாங்காமல் வெளியே வர வேண்டும். என் குழுவில் ஒரு சீனப் பையனும் ஒரு மலாய்ப் பெண்ணும் இருந்தார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம், அது உன் இடம், நீயே தலைவி என்று இருவரும் முடிவு செய்தார்கள். தீபாவளிக்கு ஒரு தடவை, மசாலா தீர்ந்தால் ஒரு தடவை என்று போய் வருகிற இடம் எப்படி என் இடமானது என்று நான் கேட்கவில்லை. தலைவி என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது.

மதிப்பீட்டுத் தாளை நான்தான் தயாரித்தேன். வரவேற்பு, புன்னகை, பொருளறிவு, தூய்மை என்பவை பாடப்புத்தகத்திலேயே இருந்தன. 'விலை ஒழுங்கு' மட்டும் என் சொந்தச் சரக்கு. முதலில் சொன்ன விலையில் கடைசி வரை உறுதியாக நின்றால் முழு மதிப்பெண். இறங்கினால் போச்சு.

பிற்பகலில் வகுப்பு இருந்ததால் காலையிலேயே போனோம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளையல், பொட்டு, கைப்பை எல்லாம் விற்கும் கடை. கடைக்காரப் பாய் அப்போதுதான் கதவை ஏற்றிவிட்டுச் சாம்பிராணி காட்டி முடித்திருந்தார். கல்லாவின் மேல் தட்டு போட்டு மூடிய ஒரு கிளாஸ் தேநீர். கண்ணாடி வளையல் பெட்டி ஒன்றைக் காட்டச் சொன்னோம். விலை பதினெட்டு வெள்ளி என்றார். நாங்கள் ஒன்றும் பேசாமல் நின்றோம். பதினைந்துக்கு வந்தார். மலாய்த் தோழி தலையை லேசாகச் சாய்த்தாள். பன்னிரண்டு என்றவர், என் பக்கம் திரும்பி, "போணி நேரம்மா. எடுத்துக்குங்க," என்றார்.

எனக்குப் போணி தெரியும். அன்றைய முதல் வியாபாரம் நல்லபடியாக நடந்தால் நாள் முழுக்க நன்றாக ஓடும், முதல் ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு விளங்காது. எங்கள் வீட்டிலேயே, காலையில் கடைக்குப் போய்ச் சும்மா விலை கேட்காதே என்று அம்மா சொல்வார். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. "யோசிச்சிட்டு வரோம் பாய்," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி வெளியே வந்தேன்.

எங்கள் அறிக்கை கல்லூரியில் சக்கைப்போடு போட்டது. 'வாடிக்கையாளர் மௌனமாக நின்றாலே விலை சரிகிறது' என்று ஒரு ஸ்லைடு. 'விற்பனையாளர் தவிப்பாகக் காணப்பட்டார்' என்று இன்னொன்று. வகுப்பிலேயே எங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். விரிவுரையாளர் என்னைத் தனியாக அழைத்து, சில்லறை வணிகத்தில் உனக்கு அபூர்வமான பார்வை இருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது என்றார். அந்த அக்கறையில் என்னைச் சில்லறை வணிகப் பாதையில் போட்டுவிட்டார். நிகழ்ச்சி நிர்வாகம் எங்களைவிடக் குறைவாக வாங்கிய ஒருவனுக்குப் போனது. அவனிடம் வீணாக்கும்படி எதுவும் இல்லை போல.

நான் அழுதேன். கழிப்பறையில்தான், ஆனால் நன்றாகவே அழுதேன். சிவந்த கண்ணைப் பார்த்தோ என்னவோ விரிவுரையாளர் ஒரு வழி சொன்னார். வேலைப் பயிற்சியில் மதிப்பீடு பிரமாதமாக அமைந்தால் அடுத்த பருவத்தில் பாதை மாறலாம். பயிற்சிக்கான கடையையும் அவரே ஏற்பாடு செய்தார். ஏற்கெனவே அறிமுகமான இடமாக இருந்தால் வசதி என்று பாய் கடைக்கே என்னை அனுப்பினார். முதல்நாள் பாய் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "எங்கயோ பாத்த முகமா இருக்கே." 

"எல்லாரும் அப்படித்தான் பாய் சொல்றாங்க," என்றேன்.

வளையலைச் சத்தமில்லாமல் எடுத்துக் காட்டவும், எந்தக் கைக்கு எந்த அளவு என்று பார்த்தவுடன் சொல்லவும் பழகினேன். போணி ஆகும்வரை பாய் தேநீரைத் தொடமாட்டார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. முதல் காசு வந்ததும் பிஸ்மில்லா சொல்லிக் கல்லாவில் போடுவார், பிறகுதான் தட்டை எடுப்பார். அதற்குள் தேநீர் பெரும்பாலும் ஆறியிருக்கும். எங்கள் அறிக்கையில் அந்தக் கிளாஸுக்காகத் தூய்மையில் மதிப்பெண் குறைத்திருந்தோம்.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு காலை மூன்று பேர் வந்தார்கள். மாணவர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார்கள், அதன் நாடா மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் மதிப்பீட்டில் ஒரு பகுதி இளைய மாணவர்கள் வேஷம் போட்டு வந்து தரும் மதிப்பெண் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கையில் இருப்பது எங்கள் குழுவின் தாள் என்பதும் தெரியும். அவ்வளவு நல்ல தாளாம், துறையே அதை மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தது.

நடுவில் நின்ற தமிழ்ப் பெண் வளையல் பெட்டி கேட்டாள். வரவேற்றேன், புன்னகைத்தேன், கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் வித்தியாசம் சொன்னேன். பதினெட்டு வெள்ளி என்றேன். மூவரும் மௌனமாக நின்றார்கள். நான் கற்றுக்கொடுத்த மௌனம். பதினெட்டிலேயே நின்றால் போதும், அடுத்த பருவம் என் காதில் கருவி. அவர்கள் எப்படியும் வாங்கப் போவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். கல்லாவைப் பார்த்தேன். தேநீர் மூடியபடி இருந்தது.

"பதினஞ்சு," என்றேன். மௌனம். "பன்னெண்டு. போணி நேரம், எடுத்துக்கங்க."

அந்தப் பெண் சட்டென்று தரையைப் பார்த்தாள். "யோசிச்சிட்டு வரோம் அக்கா," என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"விடுமா," என்றார் பாய். "சின்னப் பிள்ளைங்க. அதுங்களுக்குப் போணின்னா என்ன தெரியும்?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும் பாய்."

"தெரியும்தான்," என்றார், தட்டை நேராக நகர்த்தி வைத்தபடி. "அன்னிக்கு உனக்கும் தெரிஞ்சுச்சே."

நான் வளையல்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். மதியத்துக்குப் பக்கமாக ஒரு அக்கா வந்து ஒரு பொட்டு அட்டை வாங்கினார். பாய் ஆறிப்போன தேநீரைக் குடித்தார். என் பயிற்சித் தாளில் எல்லா இடத்திலும் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மாணவர்களின் அறிக்கையை விரிவுரையாளர் காட்டினார். வரவேற்பு, புன்னகை, பொருளறிவு, தூய்மை, நான்கிலும் முழு மதிப்பெண். விலை ஒழுங்கு என்ற கட்டத்தை மட்டும் அந்தப் பெண் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு மறந்துவிட்டது என்றாளாம். காலியான கட்டத்தைக் கணினி பூஜ்யமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பாதை மாற அது போதவில்லை. மறுபரிசீலனைக்கு எழுதிப் போடு, அவளைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்கிறேன் என்றார் அவர்.

வேண்டாம் என்றேன். அதே கடைக்கு, அதே கட்டத்தில், நான் கை நடுங்காமல் பத்துக்கு ஒன்று போட்டவள்.