நிலாவரை வழியாகக் கீரிமலைக்கு

வாடகைக் கார் ஓடுகிறவனுக்கு ரோட்டைவிடப் பின்சீற்றுக் கதைதான் அதிகம் நினைவிருக்கும். ஓடிப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வீர்கள்.

ஏழு கிணறுகள்

எண்பத்து மூன்றின் தொடக்கம், கலவரத்துக்கு முன். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்லத்துரை ஐயாவும் மனைவி பூமணி அக்காவும் என் மொறிஸ் காரில் திருகோணமலைக்கு வந்தார்கள். திரும்பும்போது கன்னியா வெந்நீரூற்று. ஏழு சின்னக் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. ஐயா ஒரு வாளி வார்த்ததுமே துள்ளிக்கொண்டு ஓடிவிட்டார். அக்கா முழங்கால் நோவுக்கு ஏழிலும் அள்ளி வார்த்தார். ஈரச் சேலையோடு காரில் ஏறியவர் சொன்னார்:

"விறகில்லாமல் ஏழு அடுப்பு எரிக்கிறாள். என்னைவிடக் கெட்டிக்காரி ஆரோ கீழை இருக்கிறாள்."

கடலுக்குப் பக்கத்தில்

கலவரத்துக்குப் பிறகு தூர ஓட்டமெல்லாம் நின்றது. கீரிமலை மட்டும் மிஞ்சியது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் கேணிக்குள் ஊறும்; கட்டுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல். செத்தவர்களின் சாம்பலை எங்கள் சனம் கரைப்பதும் அங்கேதான். ஒரு ஆடி அமாவாசைக்கு வந்த பூமணி அக்கா ஐயாவிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"என்னையும் இஞ்சைதான் கரைக்கோணும். வேறை இடம் வேண்டாம்."

அடியில்லாக் கிணறு

தொண்ணூறில் கீரிமலைப் பக்கம் ஆமி வந்தது. அளவெட்டியை விட்டுக் கொக்குவிலில் ஒரு உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது அக்கா காய்ச்சலில் போய்விட்டார். மருந்து கிடைக்கவில்லை. சாம்பல் போட்ட மண்முட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐயா கீரிமலைக்கு விடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அப்படியென்றால் நிலாவரைக்கு விடு என்றார். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் நிலத்துக்குக் கீழாலே போய்க் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் கதை. நான் எத்தனையோ தரம் கீரிமலை போயிருக்கிறேன், ஒரு தேசிக்காயும் கண்டதில்லை. அதை அவரிடம் சொல்லாமல் காரை எடுத்தேன். பெற்றோல் வராத காலம்; மண்ணெண்ணெயில் இருமி இருமிக் கார் போய்ச் சேர்ந்தது.

படியில் நின்ற ஐயாவுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு விடுவார்கள். பூமணி வெங்காயப் பாத்திக்குப் போய்விடுவாளே என்று அழுதார். இறைப்பு மிசின் பார்க்கிறவர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முட்டியைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"கரையுங்கோ ஐயா. மிசினுக்கு எண்ணெய் வந்து மாசக் கணக்காச்சு. தண்ணி தோட்டத்துக்குப் போகாது, கீரிமலைக்குத்தான் போகோணும்."

ஐயா படியிறங்கிச் சாம்பலைக் கரைத்தார்.

பாதை மூடிய ஊருக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்த சாரதி யார் என்று யாரும் கேட்டால் என் பெயரையும் சொல்லலாம், அக்கா சேர்ந்தாரா என்று மட்டும் கேட்கக்கூடாது.