அப்பச்சி தாண்டிய கரண்டிகள்

எங்கள் அப்பச்சிக்கும் வாசலுக்கும் ஆகாது. அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நன்றாக நடந்து வருவார். நிலைப்படி எதிரே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கண்டனூரில் எங்கள் வீடோ முகப்பிலிருந்து கொல்லை வரை வாசலுக்குப் பின் வாசலாகக் கட்டியது. அந்த வியாதிக்கு அதைவிட மோசமான வீடு கிடைக்காது.

மதுரை டாக்டர், மூளையில் டோபமின் என்ற ஒரு சரக்கு குறைந்துவிட்டது, அது இல்லாமல் நடக்க நினைத்தாலும் கால் கிளம்பாது என்றார். அதற்கு மாத்திரை இன்னும் நம் பக்கம் வரவில்லையாம். ஆத்தா பொறுமைசாலி இல்லை. சோறு ஆறுகிற எரிச்சலில் ஒரு நாள், அடுப்படி வாசலில் நின்றுவிட்ட அப்பச்சியின் முன்னால் கரண்டியை வீசி எறிந்தாள். குறுக்கே விழுந்த கரண்டியை அவர் சர்வசாதாரணமாகத் தாண்டி வந்து இலை முன் உட்கார்ந்தார்.

"அப்ப டோபமின் கரண்டியிலயா இருக்கு?" என்று ஆத்தா டாக்டரிடமே கேட்டாள். தாண்ட ஒரு பொருள் கண்ணில் பட்டால் மூளை வேறு வழியாகக் காலைக் கிளப்பிவிடும் என்றார் அவர். அன்றிலிருந்து வாசலுக்கு ஒரு கரண்டி.

என் கல்யாணத்தன்று அந்தக் கரண்டிகளெல்லாம் சமையல்காரர்களிடம் போய்விட்டன. அப்பச்சி முகப்பிலேயே நின்றுவிட்டார். வரவேற்கத்தான் நிற்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் கும்பிட்டபடி உள்ளே வந்தார்கள். கை நடுங்கியதையும் 'வாங்க வாங்க' என்றே எடுத்துக்கொண்டார்கள். முகூர்த்தம் நெருங்கியது. அப்பச்சி வராமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று மணையிலிருந்தே சொல்லிவிட்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஆத்தா, பரப்பி வைத்திருந்த என் சீர்ச் சாமானிலிருந்து எவர்சில்வர் கரண்டிகளை அள்ளி, வாசலுக்கு வாசல் குறுக்கே போட்டாள். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகத் தாண்டி அப்பச்சி என்னிடம் வந்து சேர்ந்தார்.

இது உங்கள் வீட்டு வழக்கமா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்.

"ஆமா, பொண்ணப் பெத்தவுக தாண்டித்தான் வரணும்" என்றாள் ஆத்தா, முகம் மாறாமல்.

மறு வருஷம் அந்த அத்தையின் மகள் கல்யாணத்தில், பெண்ணைப் பெற்ற அவர் கணவர், நோய் நொடி இல்லாமல் கல் மாதிரி இருக்கிற மனுஷர், வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரண்டி தாண்டினார்.

சில வருஷம் கழித்து மாத்திரை வந்தது. காரைக்குடியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குள் அப்பச்சி கரண்டி இல்லாமலே நடந்து வந்தார். சாயங்காலம் கிளம்பும்போது மாத்திரையின் வேகம் இறங்கியிருந்தது. வாசலில் நின்றுவிட்டார்.

"ஒரு கரண்டி போடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எல்லாம் கழுவாமக் கெடக்கு அப்பச்சி. இருந்துட்டு நாளைக்குப் போங்க."

எங்கள் வாசலிலிருந்தே அடுப்படிச் சுவர் தெரியும். ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய கரண்டிகளை அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பையை என்னிடம் நீட்டினார்.