சுஹைரா போட்ட குறியீடு

சுஹைரா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்றதும் கிண்ணியாவில் பாதிப் பேர் அவளை மருந்து கொடுக்கிறவள் என்றுதான் நினைப்பார்கள். அவள் மருந்தைத் தொட்டதே இல்லை. காலையில் பஸ் ஏறி, பாலம் தாண்டித் திருகோணமலைக்கு வந்து, துறைமுகம் தெரியும் பதிவறையில் உட்காருவாள். சுகமாகி வீடு போனவர்களின் டிக்கெட்டுகளை, அதாவது நோய்க்குறிப்புத் தாள்களைப் புரட்டி, டொக்டர்மார் கிறுக்கியிருக்கும் நோயின் பெயருக்கு, உலகமே ஒத்துக்கொண்ட எழுத்தையும் எண்ணையும் போடுவாள். கருவிழியில் தழும்பென்றால் எச் 17. பரம்பரையாக வரும் கருவிழி நோயென்றால் எச் 18.5. இருபது வருஷத்தில் அவள் போட்ட குறியீடு ஒன்றாவது பிழையென்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

ஒன்றை மட்டும் தெரிந்தே பிழையாகப் போட்டிருந்தாள்.

அவளுடைய பெரியப்பாவுக்குக் கண்ணில் புகைபோலப் படலம் விழுந்தது. ஊர் அவருக்கு ‘புகைக்கண்ணர்’ என்று பேர் வைத்தது. பேர் வைக்கிற விஷயத்தில் கிண்ணியாவுக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மனுஷன் மௌத்தாகி முப்பது வருஷமாகியும் பேரப்பிள்ளைகள் இன்னும் புகைக்கண்ணர் வீட்டார்தான். அந்த வீட்டு மகள் ஒருத்திக்கு நாற்பது வயதுவரை கலியாணம் சரிவரவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன் சுஹைராவின் தம்பி ஜெமீல், வயலில் நெல்லுச் சுணை கண்ணில் பட்டுவிட்டதென்று ஆஸ்பத்திரிக்கு வந்தான். பரிசோதித்த டொக்டர், உள்ளே வேலை செய்கிறவள்தானே என்று சுஹைராவைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். சுணையால் வந்ததல்ல, பரம்பரை. அடுத்த மாதம் மாமி மகள் மைமூனாவோடு தம்பிக்கு நிக்காஹ். சுஹைரா பேனையை எடுத்தாள். சுணை, காயம், தழும்பு, எச் 17. ஜெமீலுக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை.

ஜெமீல் இப்போது கட்டாரில். அவனுடைய மகள் அம்ராவுக்கு ஒன்பது வயது. இந்த வருஷத் தொடக்கத்தில் பிள்ளை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைப் பொத்தத் தொடங்கினாள். குடும்பம் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: போன். “பிள்ளைட கையில போனக் குடுத்துட்டு நீ குசினிக்குள்ள சமையலோட கிடந்தா கண் பழுதாகாம என்ன செய்யும்?” என்று சுஹைராவின் உம்மா எல்லாருக்கும் முன்னால் மைமூனாவைக் கேட்டா. மைமூனா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் சுஹைராவும் ஓம் ஓமென்று தலையாட்டினாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

கண் டொக்டர் கமலேஸ்வரி குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டபோது, மைமூனா தனக்குத் தெரிந்த சுணைக் கதையைச் சொன்னாள். தகப்பனின் பழைய விபரம் கேட்டுப் பதிவறைக்குத் துண்டுச் சீட்டு வந்தது. ஜெமீலின் டிக்கெட்டை, வருஷம் கடந்த மற்றவற்றோடு எப்போதோ எரித்தாகிவிட்டது. மிஞ்சியது குறியீடுகளைப் பதிந்து வைக்கும் கொப்பியின் ஒரு வரி. சுஹைரா அதைப் பார்த்து ‘எச் 17, காயத் தழும்பு’ என்று எழுதி, கையெழுத்தும் வைத்து அனுப்பினாள். ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய். டொக்டர் கிருமிப் புண்ணென்று எடுத்து நாலு மாதம் சொட்டுமருந்து கொடுத்தார். படலம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு கிளினிக் நாள், அம்ராவை வெளியே மர வாங்கில் இருத்திவிட்டு மைமூனா பதிவறை வாசலுக்கு வந்தாள்.

“மதினி, நாலு மாசமா நான் போனக் கண்ணிலயும் காட்டல்ல. வாப்பாட முகத்தப் பாக்கணும் எண்டு அழுறாள், அதுக்கும் விடல்ல. இன்னும் என்னத்த நிப்பாட்டுறது, சொல்லுங்க?”

சுஹைரா மேசையிலிருந்த டிக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். மைமூனா போனபிறகு பழைய கொப்பியை எடுத்தாள். பதிவறையில் எதையும் அழிக்கக்கூடாது. பிழையை ஒரே கோட்டால் வெட்டி, அது வாசிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். எச் 17ஐ வெட்டினாள். எச் 18.5 என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘தெரிந்தே பிழையாக எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கொப்பியைக் கொண்டுபோய் டொக்டர் கமலேஸ்வரியிடம் நீட்டினாள், டொக்டர் அந்த வரியை வாசித்தார். “இந்த மருந்து இண்டையோட நிக்கட்டும். கொழும்புக்கு எழுதுறன். கண் இன்னும் கைவிட்டுப் போகேல்லை.” பிறகு கொப்பியை மூடிக் கொடுத்தார். “தாய்க்கு நீங்களே சொல்லுங்கோ.”

வாங்கடியில் நின்றபடியே சுஹைரா எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பா, சுணை, நிக்காஹ், குறியீடு, ஒன்றையும் விடவில்லை. மைமூனா கத்துவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்ப போனால இல்லையா, மதினி?”

“இல்ல. போனால இல்ல.”

மைமூனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் கட்டாருக்கு அடித்து, முகம் தெரிந்ததும் பிள்ளையின் கையில் கொடுத்தாள். “வாப்பா!” என்று அம்ரா கண்ணைச் சுருக்கிக்கொண்டே கத்தினாள். தகப்பனும் மகளும் கதைத்து முடியும்வரை மைமூனா பொறுத்திருந்தாள். பிறகு போனை வாங்கி, சுஹைராவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“உங்கட ராத்தாவுக்கு உங்களோட ஒரு கதை இருக்காம்,” என்றாள்.